தீயும் தலைவிதியும்

சென்னைத் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் 2017-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி அதிகாலையில் சென்னை சில்க்ஸ் என்னும் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்த விஷயம் நம் வாசகர்கள் யாவரும் அறிந்ததேயாகும். இரவு முழுதும் எரிந்து, மறுநாளும் புகைந்து, கட்டடத்தின் ஒரு பகுதி தானே சரிந்து விழுந்து, மிச்சம் நின்றதை யந்திரங்களைக் கொண்டு வாரக்கணக்கில் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அந்த இடிக்கும் வேலையில் ஒரு தொழிலாளி உயிரையும் கொடுத்தார். இவ்வளவையும் ஜனங்கள் தெருமுனையில் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் சொன்ன வார்த்தை என்ன? “நல்லவேளை, கடை திறவாத நேரம், கடவுள் காப்பாற்றினார்” என்பதேயாகும்.

இந்த வார்த்தையைப் பற்றித்தான் இன்று நாம் சற்று யோசிக்க வேண்டுமென்று விரும்புகின்றோம். கடை திறவாத நேரமாகப் பார்த்துத் தீயை அனுப்பும் சக்தி ஒருவருக்கு இருக்குமானால், தீயையே அனுப்பாமலிருக்கும் சக்தி அவருக்கு ஏன் இல்லாமற் போயிற்று? அன்று மேல் மாடியில் சிக்கிக்கொண்ட ஊழியர்களை ஏணி வைத்து இறக்கியவர்கள் யார்? தேவர்களா? காக்கிச் சட்டை போட்ட தீயணைப்புப் படையினரா? இறக்கியவனை விட்டுவிட்டு, இல்லாதவனுக்குத் தேங்காய் உடைக்கிற வழக்கம் நம்மை விட்டு ஒழியாத வரையில், அடுத்த தீயும் இதே மாதிரியாகத்தான் வரும். அப்போது கடை திறந்திருக்கும் நேரமாக இருந்தால் என்ன சொல்வோம்? “தலைவிதி” என்போம். ஆக, பிழைத்தால் கடவுள், செத்தால் விதி. நடுவில் மனிதனுடைய பொறுப்பு என்பது எங்கேயும் கிடையாது! பொறுப்பில்லாதவர்களுக்கு இதைவிட வசதியான சித்தாந்தம் வேறு என்ன வேண்டும்?

நிற்க. தியாகராய நகர் என்பது நமக்கு அந்நியமான இடமல்ல. நீதிக்கட்சியார் சென்னையை ஆண்ட காலத்தில், 1920-களில், மாம்பலம் பக்கத்தில் கிடந்த நீண்ட ஏரியின் நிலத்தைத் திருத்தி எழுப்பிய பேட்டை அது. சர் பி. தியாகராயச் செட்டியாரின் பெயரே ஊருக்கு, பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு, டாக்டர் டி.எம். நாயரின் பெயரும், உஸ்மான் அவர்களின் பெயரும் சாலைகளுக்கு. எல்லா ஜாதியாரும் ஒரு வரிசையில் குடியிருக்கட்டும் என்று எண்ணிய தலைவர்களின் பெயர் தாங்கிய தெருக்களில், இன்று தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் வந்து துணி வாங்குகிறார்கள்; தென் ஜில்லாக்களின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து அந்தக் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். ஏரியாக இருந்த இடத்தில் நின்றுகொண்டு, 2017-ல் தீயை அணைக்கத் தண்ணீர் லாரிகளை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். இதே பேட்டையில் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கடையில் 2008-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி பிடித்த தீயில் இரண்டு ஊழியர்கள் மாண்டார்கள். ஒன்பது வருஷத்துக்குள் ஒரே பேட்டையில் இரண்டு பெருந்தீ. முதல் தீயிலிருந்து என்ன கற்றோம் என்று யாரும் கேட்கவில்லை.

பிராயச்சித்தமும் வரன்முறையும்

உஸ்மான் சாலைக் கட்டடத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் மாடிகள் எழுப்பப்பட்டிருந்தன என்று தீ பிடித்த பிறகு சர்க்கார் தரப்பிலேயே சொல்லப்பட்டது. தீ பிடிக்கும் வரை அந்த மாடிகள் யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை போலும்! ஆனால் இது ஒரு கடையின் விஷயமல்ல. 1971-ம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, விதியை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டிவிட்டால் கட்டடம் வரன்முறையாகிவிடும். ஒரு முறை கொடுத்த இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-ல் சென்னை ஹைகோர்ட் செல்லாதென்று தள்ளிற்று. தள்ளிய மறுவருஷமே நடவடிக்கையை நிறுத்திவைக்கப் புதிதாக ஒரு சட்டம் பிறந்தது.

தோழர்களே! இதற்கும் புரோகிதனுடைய பிராயச்சித்தத்துக்கும் என்ன வித்தியாசம்? தட்சணை கொடுத்தால் பாபம் போகும் என்பது அவன் வியாபாரம். கட்டணம் கொடுத்தால் மீறல் போகும் என்பது இந்தப் பிரிவின் கருத்து. பாபம் என்பது பொய்ச் சரக்கு ஆனபடியால், அது போனதாகச் சொல்வதால் ஒருவருக்கும் கெடுதியில்லை. ஆனால் இல்லாத மாடிப்படி பணம் கட்டியதால் முளைத்துவிடுமா? அடைத்த ஜன்னல் திறந்துகொள்ளுமா? வண்டி நுழைய முடியாத சந்து அகலமாகிவிடுமா? நெருப்பு ரசீதைப் படித்துப் பார்த்துவிட்டா எரிகிறது?

நெருப்பு மாறிவிட்டது

நம் பாட்டன் காலத்து நெருப்பு வேறு, இன்றைய நெருப்பு வேறு என்பதை ஜனங்கள் அறிய வேண்டும். பாட்டன் வீட்டில் இருந்தவை மரமும் பஞ்சும் ஓலையும். இன்றைக்கு வீட்டிலும் கடையிலும் இருப்பவை பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்த சரக்குகள். பாலியெஸ்டர் புடவை, நைலான் நூல், பஞ்சு மாதிரி இருக்கும் நுரை மெத்தை, பிளாஸ்டிக் பெட்டி, மின்கம்பியின் மேலுறை ஆகியவையெல்லாம் கெட்டியாக்கப்பட்ட எண்ணெயென்றே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் யு.எல். என்னும் பரிசோதனை ஸ்தாபனத்தார் இரண்டு அறைகளைக் கட்டினார்கள். ஒன்றில் பழைய காலத்து மரச்சாமான்களும் பருத்தித் துணிகளும். மற்றொன்றில் இக்காலத்து நுரைச் சோபாவும் செயற்கை நூல் திரைகளும். இரண்டிலும் ஒரே மாதிரி நெருப்பு வைத்தார்கள். பழைய அறை முழுதும் ஒரே கொழுந்தாக மாற ஏறக்குறைய அரை மணி நேரமாயிற்று. புதிய அறைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதன் அர்த்தமென்ன? முன்பு தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது அறை எரிந்துகொண்டிருக்கும். உள்ளே இருப்பவரை இழுத்து வர நேரமிருக்கும். இன்று வண்டி புறப்படுமுன்பே நேரம் முடிந்துபோகிறது.

புகையும் அவ்வாறே. எது எரிந்தாலும் காற்றுப் போதாவிடில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்காரும் இடத்தில் அது இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு ஒட்டிக்கொள்ளுகிறது. பட்டு, கம்பளி, நைலான் ஆகியவை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் விஷம் உண்டாகிறது. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை வருகிறது. தீ விபத்தில் சாகிறவர்களில் மிகப் பலர் நெருப்புத் தொடுவதற்கு முன்பே புகையால் சாகிறார்கள் என்பது இதனால்தான்.

இனி, கட்டடத்தைக் கவனிப்போம். ஜவுளிக்கடை முதலாளிக்குச் சுவர் வேண்டும். அலமாரி அடுக்க வேண்டும். வெளியே கண்ணாடியும் தகடும் பளபளக்க வேண்டும். உள்ளே குளிர்சாதனக் காற்று வீணாகக் கூடாது. ஆகவே ஜன்னல் என்பதே இல்லாமல் ஒரு பெட்டி கட்டப்படுகிறது. உஸ்மான் சாலையில் புகை போக வழியில்லாமலும், தண்ணீர் போக வழியில்லாமலும், படையினர் சுவரை உடைத்துத் துளை போட வேண்டியிருந்தது. உள்ளே பொதி பொதியாகத் துணி. இரும்பானது 600 டிகிரி சூட்டை நெருங்கும்போது தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் இரும்புதானே? மணிக்கணக்கில் வெந்த கட்டடம் சரிந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் என்னவென்றால், அவ்வளவும் தெரிந்த தேசத்தில் அப்படிக் கட்ட விட்டதுதான்.

வாஸ்துவும் பரிசோதனையும்

இக்காலத்தில் கடை கட்டுகிறவர்கள் முதலில் யாரைக் கேட்கிறார்கள்? வாஸ்துக்காரனை. அவன் தென்கிழக்கை அக்கினி மூலை என்கிறான். அடுப்பை அங்கே வை என்கிறான். பிறகு கணபதி ஹோமம். அதாவது தீப்பிடிக்காமலிருக்க உள்ளே தீ மூட்டுகிற காரியம்! பிறகு வாசலில் பூசணிக்காய். மாடிப்படி எத்தனை, அதன் அகலம் என்ன, கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா, படிக்கட்டில் பொதி அடுக்கியிருக்கிறதா என்று கேட்க மாத்திரம் ஆளில்லை. மின்கம்பியில் பொறி பறக்கும்போது அது அக்கினி மூலையைத் தேடிக்கொண்டு போகிறதில்லை.

பரிசோதனை என்பது இதற்கு நேர் எதிரானது. அதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் அது தீயை உள்ளே இருப்பவர்கள்மேல் தள்ளிவிடும் என்று அமெரிக்கத் தீயணைப்புக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். பெரியவர்கள் சொன்னார்கள், சின்னவர்கள் கேட்டார்கள். 2012-ல் நியூயார்க்குத் தீயணைப்புப் படையாரும் ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து, கவர்னர்ஸ் தீவில் காலியாகக் கிடந்த வீடுகளில் மேஜை நாற்காலிகளை வைத்துக் கொளுத்தி, மூலைக்கு மூலை சூட்டை அளந்தார்கள். வெளியிலிருந்து சீக்கிரமாகத் தண்ணீர் விட்டால் வீடு முழுவதும் சூடு தணிகிறது. தீ தள்ளப்படுவதில்லை என்று கண்டார்கள். அன்றியும், கதவையோ ஜன்னலையோ தண்ணீர் தயாராகு முன்பு திறந்துவிட்டால், காற்றுக்கு ஏங்கிக் கிடந்த தீ ஒரே நிமிஷத்தில் சீறி எழுகிறது என்றும் கண்டார்கள். தங்கள் முன்னோர் சொன்னதாயிற்றே என்று அவர்கள் வெட்கப்படவில்லை, முறையைத் திருத்திக்கொண்டார்கள். இதைத்தான் நாம் பகுத்தறிவு என்று சொல்கிறோம்.

“அந்நிய தேசத்து ஆராய்ச்சி நமக்கு உதவுமா?” என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. அங்கே மரவீடு, இங்கே செங்கல்லும் கான்கிரீட்டும். அங்கே சோபா, இங்கே ஏழு மாடி நிறையப் புடவைப் பொதி. ஆகவே இங்கேயே பரிசோதனை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் முடிவே தவிர, பரிசோதனையே வேண்டாம் என்பதல்ல. ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் தீயைப் பற்றி ஆராய்கிறது. நாகபுரியில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. கிண்டியில் பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன, அவற்றுக்கும் உஸ்மான் சாலைக்கும் தூரம் சில மைல்களே. நம் ஜவுளிக்கடை எப்படி எரிகிறது, எத்தனை நிமிஷத்தில் புகை படியை அடைக்கிறது என்று அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஜனங்களுக்குக் கொடுத்தால் என்ன?

அணைப்பவன் உயிர்

தீயணைப்புக்காரனைப் பற்றி யார் நினைக்கிறோம்? ஏப்ரல் 14-ந் தேதி என்றால் நமக்கு டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள். வைதிகர்களுக்குப் பஞ்சாங்க நாள். அதே தேதியில் 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டார்கள். அதனால்தான் அந்நாள் தேசிய தீயணைப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

தூரமாகப் போக வேண்டாம். தியாகராய நகர்த் தீ அணைந்து இரண்டு மாதம்கூட ஆகாமல், 2017 ஜூலை மத்தியில் வடசென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீ. அணைக்கப் போன இடத்தில் காஸ் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் மாண்டார். வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் உட்படப் பலர் வெந்து போனார்கள். 2020 நவம்பரில் தீபாவளியன்று அதிகாலையில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும்போது பழங்கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் மாண்டார்கள். ஊர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் குடும்பங்கள் பிணவறையின் வாசலில் நின்றன.

இவை கண்ணுக்குத் தெரியும் சாவுகள். கண்ணுக்குத் தெரியாத சாவு வேறொன்று இருக்கிறது. 1775-ல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் ஏழைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய்க்குக் காரணம் கரியே என்று கண்டுபிடித்தார். அந்தக் கரி மரக்கரியும் நிலக்கரியும். இன்றைய கரி பிளாஸ்டிக்குக் கரி. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-ல் ஆராய்ந்து, தீயணைக்கும் தொழிலே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். நுரையீரல் உறையில் வரும் புற்றும், மூத்திரப்பைப் புற்றும் தெளிவாக நிரூபிக்கப்பட்டவை என்றார்கள். விஷம் மூக்கு வழியாக மாத்திரமல்ல, தோல் வழியாகவும் இறங்குகிறது. எண்ணெய்த் தீயை அணைக்கும் சில நுரைகளிலும், சிலவகைப் பாதுகாப்பு உடைகளிலும்கூட, மண்ணிலும் உடம்பிலும் எளிதில் அழியாத ரசாயனங்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

கரி படிந்த சட்டையை வீரத்தின் அடையாளமாக எண்ணும் வழக்கம் பல தேசங்களில் இருந்தது. அது வீரமல்ல, விஷம் என்று இப்போது தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு பரிசோதனையில், தீ அணைந்தவுடன் அந்த இடத்திலேயே சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு உடையைக் கழுவினால், அதன்மேல் படிந்த புற்றுநோய் விஷத்தில் நூற்றுக்கு 85 பாகம் போய்விடுவதாகக் கண்டார்கள். தோழர்களே, சோப்பும் தூரிகையும்! இதற்கு ஏதாவது கோடிக்கணக்கான ரூபாய் வேண்டுமா? ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பூசும் சந்தனக் குங்குமத்துக்கும், வாழைக்கன்றுக்கும், பொரி கடலைக்கும் ஆகும் செலவு போதுமே!

இனி வருவது லிதியம் பாட்டரி யுகம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றம் செய்துகொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் மாண்டார்கள். இந்தப் பாட்டரி ஒரு முறை சூடேறிவிட்டால் தனக்குத் தானே சூட்டை வளர்த்துக்கொள்ளும். அணைந்ததென்று நினைத்த பிறகு மறுபடி எரியும். அதன் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய வாயு உண்டு. அந்த வாயுக்கள் அடைபட்டிருந்தால் வெடிக்கவும் செய்யும். 2019-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் பாட்டரிகள் நிறைந்த ஒரு கூடத்தின் கதவைத் திறந்ததும் வெடித்துப் படையினர் தூக்கி எறியப்பட்டார்கள். இது அவர்களுடைய பயிற்சியில் குறைவல்ல. புதிய ஆபத்துக்குப் பழைய முறை போதாது என்பதே. அதை முன்கூட்டி அறியத்தான் ஆராய்ச்சி.

நெருப்புக்குப் பக்தியில்லை

1997-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர் மாண்டார்கள். ஆறே நாள் கழித்து 13-ந் தேதி டில்லியில் உப்ஹார் சினிமாக் கொட்டகையில் தீயினால் 59 பேர் மாண்டார்கள். சாமி கும்பிடப் போனவர்களும் செத்தார்கள். சினிமாப் பார்க்கப் போனவர்களும் செத்தார்கள். பக்தி ஒன்றும் நீரல்ல. பக்தியின்மை ஒன்றும் எண்ணெயுமல்ல. இரண்டு இடத்திலும் குறைவாக இருந்தது வெளியேறும் வழியேயாகும். 2001-ல் ஏர்வாடியில் தெய்வ சிகிச்சை என்று சங்கிலியால் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் கட்டியபடியே கருகினார்கள். 2004-ல் கும்பகோணத்தில் கூரைப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களின் ஓலைக்கூரையை நீக்க உத்தரவாகிக் கூரைகள் நீங்கின. ஆகவே, மனம் வைத்தால் காரியம் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. ஆனால் 94 பிணம் விழுந்த பிறகுதானா மனம் வைப்பது? கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரத்தால் கண் திரும்புமா?

எனவே, நாம் கேட்பது பின்வருமாறு: பெருந்தீ ஒவ்வொன்றுக்கும் காரணம் ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தீக்குள் போகும் ஒவ்வொரு வீரனுக்கும் சுவாசக் கருவி ஒன்றும், மாற்றுடையோடு இரண்டு ஜதைப் பாதுகாப்பு உடையும் தர வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் உடை கழுவவும் குளிக்கவும் வசதி வேண்டும். எந்தத் தீக்கு எத்தனை நாள் போனான் என்று கணக்கு வைத்து, வருஷந்தோறும் வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல மாகாணங்களில் இருப்பது போல, அவனுக்குப் புற்றுநோய் வந்தால் அதைத் தொழிலால் வந்ததென்றே ஏற்றுக் குடும்பத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். கடையில் நிற்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் வெளியேறும் வழியைக் காட்டிப் பழக்க வேண்டும். அவர்கள் படுத்துறங்கும் இடத்துக்கு இரண்டு வழி இருக்க வேண்டும்.

“பணம் எங்கே?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். ஏழு மாடிக்குக் கண்ணாடி பதிக்கப் பணம் இருந்தது. ஒரு மாடிப்படி கூட்டவா பணமில்லை?

சர்க்காருக்குச் சொன்னது போதும். இனி வாசகர்களுக்குச் சொல்கிறோம். பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும்போது விலையைக் கேட்குமுன் மாடிப்படி எங்கே என்று கேளுங்கள். பொதி அடுக்கி அடைத்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். கேட்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். வாடிக்கைக்காரன் வாய் திறந்தால் முதலாளி காது திறக்கும். கல்யாண மண்டபத்திலும் சினிமாவிலும் அப்படியே செய்யுங்கள். தீ பிடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடி வண்டிக்கு வழியை அடைக்காதீர்கள், கொடுங்கையூரை மறக்காதீர்கள். வீட்டில் பாட்டரி வண்டியைப் படுக்கையறைப் பக்கத்திலும் வாசல் வழியிலும் வைத்து மின்னேற்றாதீர்கள்.

தலைவிதி என்று ஒன்றுமில்லை. கட்டடத்துக்கு விதி உண்டு. அது அச்சடித்த விதி. அதை எழுதியவன் மனிதன், மீறியவன் மனிதன், கண்டும் காணாமலிருந்தவன் மனிதன். ஆகவே அதைத் திருத்த வேண்டியவனும் மனிதனே.